சாப்பாட்டு லொறிக்கு ஆர் கையெழுத்துப் போடுறது? ஜனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு திறந்த மடல்

கனம் ஜனாதிபதி அவர்களுக்கும், வெளிநாட்டு அமைச்சர், நீதி அமைச்சர் மற்றது பாராளுமன்றத்தில இருக்கிற 225 பேருக்கும்,

வணக்கம். பெட்டிசம் எழுதியே பழகின ஊர் எங்கட ஊர், அதுக்காக இதையும் இன்னொண்டு எண்டு பைலுக்குள்ள செருகிப் போடாதேங்கோ. கொஞ்சம் நீளம்தான், ஒரு தேத்தண்ணியை வச்சுக்கொண்டு வாசியுங்கோ.

முதல்ல நல்லதைச் சொல்லுறன். 2024 ஏப்ரலில இலங்கை அரசாங்கம் காசாப் பிள்ளையளுக்கெண்டு பத்து லட்சம் டொலர் பலஸ்தீன அகதியளுக்கான ஐநா அமைப்பிட்டக் குடுத்தது, அந்த வருசம் அரச இப்தார் விருந்துக்கு வச்ச காசையும் அந்த நிதிக்குள்ளயே போட்டது. அதுக்கு முதல் 2023 டிசம்பரில ஐநா பொதுச்சபையில போர்நிறுத்தம் வேணும் எண்ட தீர்மானத்துக்கும் இலங்கை ஆதரவா வாக்குப் போட்டது. அது உங்கட ஆட்சி இல்லை, ரணில் ஐயாவின்ர காலம், எண்டாலும் நல்ல வேலை நல்ல வேலைதான். நாங்கள் இஞ்ச இருந்து பாத்துச் சந்தோசப்பட்டனாங்கள், பொய் சொல்லேல்ல. எல்லையில லொறி மாவோட வரிசையா நிக்க உள்ள பிள்ளையள் பசியில கிடக்கிறதை ரீவியில பாக்கேக்க யாழ்ப்பாணத்தில ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை, எங்களுக்கு உது தெரிஞ்ச கதை.

சரி, இப்ப கேள்விக்கு வாறன். காசாவில லொறியை விடச் சொல்லுற நாடு, தன்ர நாட்டுக்குள்ள சண்டை வந்தா லொறியை விடோணும் எண்டு தன்ர சட்டத்தில எழுதி வச்சிருக்கோ? இல்லை. அதைத்தான் எழுதச் சொல்லிக் கேக்க வந்தனான்.

"அரசாங்கம் எங்களுக்குச் சாப்பாடே அனுப்பேல்ல" எண்டு நான் சொல்ல வரேல்ல. அப்பிடிச் சொல்லுற எங்கட ஆக்களோடயும் எனக்குச் சண்டை இருக்கு. 1990 ஜூன்ல திரும்பச் சண்டை தொடங்கினாப் பிறகும், யாழ்ப்பாணம் இயக்கத்தின்ர (புலியளின்ர) கையில இருக்கேக்கயும், கச்சேரியில, அதுதான் மாவட்ட அரச அலுவலகத்தில, ஜிஏ எண்ட அரசாங்க அதிபர் இருந்தவர், ரீச்சர்மாருக்கும் கிளாக்கர்மாருக்கும் கொழும்பிலயிருந்து சம்பளம் வந்தது, ஓஎல் ஏஎல் சோதினை நடந்தது, அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் நாயகம் எண்ட ஒரு ஆள் அரிசி மா சீனி எண்டு கப்பல்ல ஏத்தி விட்டார், ஐசிஆர்சி எண்ட சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின்ர கொடியோட கப்பல் வந்தது, சங்கக்கடையில, அதுதான் கூட்டுறவுக் கடையில, நிவாரண காட்டுக்கு (அட்டைக்கு) அளந்து குடுத்தவை. தனக்கு எதிரா ஆயுதம் தூக்கின ஆக்களின்ர பகுதியில இருக்கிற சனத்துக்கு ஒரு அரசாங்கம் சம்பளமும் சாப்பாடும் அனுப்பிறது உலகத்தில கனக்க இடத்தில நடக்கேல்ல. இதை ஒத்துக்கொள்ளோணும்.

ஆனா அதே அரசாங்கம்தான் தடைப் பட்டியலையும் வச்சிருந்தது. பெற்றோல், டீசல் சரி, அது சண்டைக்குப் போற சாமான், ஒரு நியாயம் சொல்லலாம். சீமெந்துக்கு பங்கர் கட்டுவினம் எண்டு சொன்னவை, யூரியாவுக்கு வெடிமருந்து செய்வினம் எண்டு சொன்னவை, பற்றரிக்கும் ஏதோ ஒரு விளக்கம் இருந்தது. தோட்டக்காரன் யூரியா இல்லாமல் என்ன செய்வான் எண்டு கேக்க ஒருத்தரும் இல்லை. சவுக்காரமும் லேசில கிடையாது, சனம் பனங்காயைப் பிசைஞ்சு உடுப்புத் தோய்ச்சது. கரண்ட் இல்லை, ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சும் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு விளக்குக் கொழுத்தி அதிலதான் ஒரு தலைமுறை படிச்சது, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டது, மோட்டச்சைக்கிள் மண்ணெண்ணெயில ஓடினது (அந்த மணம் இண்டைக்கும் சிலருக்கு மூக்கில நிக்கும்). இதையெல்லாம் இப்ப பகிடியாக் கதைக்கிறம், "எங்கட ஆக்கள் என்ன கெட்டிக்காரர்" எண்டு பெருமையாவும் கதைக்கிறம். ஆனா சலரோகக்காரருக்கு இன்சுலினும், அந்த இன்சுலினை வைக்க பிறிட்ஜும், பிறிட்ஜுக்குக் கரண்டும் வேணும். அதுக்கு டைனமோ சுத்தேலாது. அப்பிடிச் செத்த ஆக்களை ஒருத்தரும் யுத்தத்தில செத்த கணக்கில எழுதேல்ல.

இதுக்குள்ள ஒரு விசயம் கவனியுங்கோ. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ள 1987 ஒக்டோபரில இந்திய ஆமி புகுந்து டொக்டர்மார், நேர்ஸ்மார், நோயாளியள் எண்டு பாக்காமல் சுட்டது. மூண்டு வருசம் கழிச்சு, 1990 கடைசியில, அதே ஆஸ்பத்திரி ஐசிஆர்சியின்ர பொறுப்பில ஒரு பாதுகாப்பு வலயமா வந்தது, ஏனெண்டா கொழும்பும் இயக்கமும் ரெண்டு பேரும் ஓமெண்டு சொன்னவை. சுவர் அதே சுவர், கட்டில் அதே கட்டில். மாறினது ஒரு ஒப்பந்தப் பேப்பர் மட்டும்தான். சண்டை நடந்தா நிவாரணம் போகேலாது எண்டு சொல்லுற கதையை நான் நம்பாததுக்கு இதுதான் காரணம். சண்டை நடக்கேக்க போயிருக்கு. நிண்டதெல்லாம் கனக்கத் தரம் பெர்மிட்டால நிண்டது.

சில வேளை நிவாரணமே அரசியலாப் போயிடும், அதுவும் தெரியும். 1987 ஜூன் 3 இந்தியா 19 வள்ளத்தில சாமான் அனுப்ப இலங்கை நேவி கடலில மறிச்சுத் திருப்பி விட்டது, அடுத்த நாள் ஏஎன் 32 பிளேனில வந்து 25 தொன் அளவில யாழ்ப்பாணத்துக்கு மேல போட்டிட்டுப் போச்சினம், பக்கத்தில மிராஜ் போர் விமானம் காவலுக்கு. அண்ணாந்து பாத்துக் கைதட்டின சனம் இருக்கு. ஆனா குடாநாடு முழுக்க இருந்த சனத்துக்கு 25 தொன் எந்த மூலைக்கு? அது டெல்லி கொழும்புக்குப் போட்ட பார்சல். பிறகு ரெண்டு அரசாங்கமும் இருந்து பேசி கப்பல்ல ஒழுங்காச் சாமான் வந்தது, அதுதான் வயித்துக்குப் போனது.

இனிச் சொல்லப்போறது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. 2004 டிசம்பர் 26 சுனாமி. மருதங்கேணி, முல்லைத்தீவு, மூதூர், கல்முனை, காலி, அம்பாந்தோட்டை எண்டு கடல் ஆள் பாத்து அடிக்கேல்ல. வடக்கு கிழக்குக்கு வாற நிவாரணக் காசை அரசாங்கமும் இயக்கமும் முஸ்லிம் பிரதிநிதியளும் சேந்து பங்கிடுறதுக்கு ஒரு பொதுக் கட்டமைப்பு 2005 ஜூன் 24 கையெழுத்தானது. அப்ப ஜனாதிபதியா இருந்த சந்திரிகா அம்மையார் செய்த வேலையளில நான் மதிக்கிற வேலை அது, அதிலயும் முஸ்லிம் ஆக்களைக் கையெழுத்துக்குக் கூப்பிடேல்ல எண்ட குறை இருந்தது, அது நியாயமான குறை. ஆனா உங்கட கட்சி ஜேவிபி என்ன செய்தது? கையெழுத்துக்கு முதலே அரசாங்கத்தை விட்டு வெளிய போச்சுது. அப்ப விவசாய அமைச்சரா இருந்தவர் இண்டைக்கு ஜனாதிபதிக் கதிரையில இருக்கிற நீங்கள்தான் ஐயா. பிறகு உங்கட எம்பிமார் உயர்நீதிமன்றம் போச்சினம், ஜூலையில கோட்டு அந்தக் கட்டமைப்பின்ர முக்கியமான பகுதியளுக்குத் தடை போட்டது, அதோட அது படுத்திட்டுது. சுனாமி வந்து ஏழு மாசம் ஆகேல்ல, சனம் கொட்டிலுக்குள்ளதான் இருந்தது.

நான் இதைக் குத்திக் காட்ட எழுதேல்ல. நீங்கள் அப்ப சொன்ன காரணமும் தெரியும், "ஆயுதம் வச்சிருக்கிறவனுக்கு அரச அதிகாரம் குடுக்கேலாது, நாடு பிரிஞ்சிடும்" எண்டு. அதில ஒரு பயம் இருந்தது, அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. ஆனா 2024 நவம்பரில இதே யாழ்ப்பாண மாவட்டம் ஆறு சீட்டில மூண்டை உங்களுக்குத் தந்தது. அப்ப நாங்களும் கொஞ்சம் பழசை ஒதுக்கி வச்சுத்தான் தந்தனாங்கள். இனி நீங்கள் திருப்பிச் செய்யிற முறை.

2006க்கு வாறன், இது நானே லைனில நிண்ட காலம். ஓகஸ்ட் 11 முகமாலையில சண்டை, குடாநாட்டை மற்ற இடத்தோட இணைக்கிற ஏ9 றோட்டு மூடியாச்சு. குடாநாட்டில ஏறக்குறைய 6 லட்சம் சனம், வெளிய போக றோட்டு இல்லை, பிளேனுக்குக் காசும் வேணும் ஆமியின்ர கிளியரன்ஸும் வேணும், சாமான் கப்பல்ல வந்தாத்தான். ஊரடங்கு கொஞ்ச நேரம் எடுப்பினம், அந்த நேரத்துக்குள்ள சங்கக்கடைக்கு ஓடோணும், லைன் சந்தி வரைக்கும் நிக்கும், முன்னுக்கு நிக்கிறவைக்குச் சீனி கிடைக்கும் பின்னுக்கு நிக்கிறவைக்கு "முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ". கப்பல் வந்திட்டுது எண்டு ஆரோ கதையைக் கட்டிவிட முழு ஊரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடின நாளும் இருக்கு. கடைக்காரர் சிலர் பதுக்கினவை, அதையும் எழுதத்தான் வேணும், எல்லாத்தையும் கொழும்பின்ர தலையில போடேலாது.

அந்த வருசம் ஒக்டோபர் 28, 29 அரசாங்கமும் இயக்கமும் ஜெனீவாவில சந்திச்சினம். போரில சனத்துக்குச் சாப்பாடு விடோணும் எண்டு உலகம் ஒப்பந்தம் எழுதின அதே ஊரில இருந்துகொண்டு, ஏ9ஐத் திறக்கிறதோ இல்லையோ எண்டதில பேச்சு முறிஞ்சுது. அரசாங்கம் "கப்பல்ல அனுப்புறம், றோட்டு திறக்கமாட்டம்" எண்டது, இயக்கம் "றோட்டைத் திற, கப்பலுக்குப் பாதுகாப்பு உத்தரவாதம் தரமாட்டம்" எண்டது. ரெண்டு பேருக்கும் றோட்டு வேணும் இல்லாட்டி றோட்டு வேண்டாம், இடையில நிண்ட எங்களுக்குச் சீனி வேணும். ரெண்டு பகுதியிலயும் ஒருத்தரும் அண்டைக்குச் சீனியைப் பற்றிக் கதைக்கேல்ல.

கிளிநொச்சி, முல்லைத்தீவு எண்ட வன்னிப் பக்கம் கடைசிச் சண்டையில நடந்த கதைதான் எல்லாத்திலயும் பாரம். 2008 செப்ரெம்பரில ஐநாவையும் வெளிநாட்டு தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளிய போகச் சொன்னது அரசாங்கம், பாதுகாப்புத் தரேலாது எண்டு. கிளிநொச்சியில ஐநா ஒபிசுக்கு முன்னால சனம் போய் நிண்டு "போகாதேங்கோ" எண்டு கெஞ்சினது. செப்ரெம்பர் 16 அவை போயிட்டினம். ஐசிஆர்சி மட்டும் நிண்டது. அதுக்குப் பிறகு ஒக்டோபரிலயிருந்து 2009 ஜனவரி வரைக்கும் உலக உணவுத் திட்டத்தின்ர லொறித் தொடர் 11 தரம் போனது, அதோட றோட்டு முடிஞ்சுது. பெப்ரவரியிலயிருந்து கடல் மட்டும்தான், ஐசிஆர்சி கிறீன் ஓசன் கப்பலைக் கொண்டு போய்ப் புதுமாத்தளனுக்கு வெளிய நிப்பாட்டி வள்ளத்தில காயக்காரரை ஏத்தினது, மே 9 வரைக்கும் காயக்காரரும் கூடப்போன ஆக்களுமா ஏறக்குறைய 14,000 பேர் அப்பிடி வெளிய வந்தினம். அந்த ஒரு வேலைக்கு அரசாங்கமும் ஓமெண்டு சொன்னபடியாத்தான் ஏலுமா இருந்தது. திரும்பவும் பாருங்கோ, ஓமெண்டா நடக்குது.

ஆனா சாப்பாட்டுக்கு? அங்க நிண்ட அரசாங்க அதிகாரியள், அரசாங்கத்திட்டச் சம்பளம் எடுக்கிற ஆக்கள், உள்ளுக்க 3 லட்சத்துக்கு மேல சனம் இருக்கு எண்டு எழுதி அனுப்பிச்சினம். கொழும்பில 70,000 எண்டு சொன்னவை. அனுப்புற சாப்பாட்டை ஆள் கணக்கு வச்சுத்தான் அளக்கிறது, கணக்கைக் குறைச்சா மூட்டையும் குறையும். வேற ஒண்டும் செய்யத் தேவையில்லை, ஒரு குண்டும் போடத் தேவையில்லை. சண்டை முடிய மெனிக் பாமிலயும் மற்ற முகாமிலயும் கொண்டு வந்து அடைச்ச ஆக்கள் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல. அந்த 70,000 எங்க, இந்தத் தொகை எங்க? ஐநா செயலாளர் நாயகம் நியமிச்ச நிபுணர் குழு 2011ல, அரசாங்கம் வேணுமெண்டே ஆள் தொகையைக் குறைச்சுச் சொல்லிச் சாப்பாட்டையும் மருந்தையும் மறுத்தது எண்டு எழுதினது. 2012ல ஐநா தன்னைத் தானே விசாரிச்சு நாங்களும் பிழை விட்டிட்டம் எண்டு அறிக்கை போட்டது. நீங்கள் ரெண்டையும் ஒத்துக்கொள்ளாட்டிக்கும், கூட்டல் கழித்தல் கணக்கை ஒத்துக்கொள்ளுவியள்தானே.

2009 ஏப்ரல் 8 அம்பலவன்பொக்கணையில பால்மாவுக்கு லைனில நிண்ட தாய்மாருக்கும் பிள்ளையளுக்கும் ஷெல் விழுந்தது. அதுக்கு மேல எழுத என்னால ஏலாது.

இயக்கத்தைப் பற்றி எழுதாட்டி இந்தக் கடிதம் அரைக் கடிதம். சனத்தை வெளிய விடாமல் மறிச்சது இயக்கம், தப்பி ஓடின ஆக்களைச் சுட்டது எண்டு அதே நிபுணர் குழுதான் எழுதினது, உள்ளயிருந்து வந்த சனமும் சொன்னது. 1990 ஒக்டோபரில வடக்கு முஸ்லிம் சனத்தை உடுத்த உடுப்போட கலைச்சதும் இயக்கம்தான், அவை புத்தளத்தில முகாமில நிவாரணக் காட்டோட வருசக்கணக்கா இருந்தினம், எங்கட வீட்டுக்குப் பக்கத்தில கடை வச்சிருந்த குடும்பமும் அதுக்குள்ள. ஆனா "அவனும் செய்தவன்தானே" எண்டு ஒரு அரசாங்கம் சொல்லேலாது. அவன் வரி எடுக்கேக்க கப்பம் எண்டு சொன்னனியள், அப்ப அவனோட உங்களைச் சமனா வச்சுக் கதைக்கிறது உங்களுக்கே மரியாதை இல்லை.

"லொறியில போற அரிசி எதிரிக்குப் போகும்" எண்டு சொல்லுவியள். ஓம், கொஞ்சம் போகும். பசிச்ச ஆயுதக்காரன் கடைசியாத்தான் பட்டினி கிடப்பான், முதல் கிடக்கிறது கிழவியும் குழந்தையும், அதால சனத்தைப் பட்டினி போட்டு அவனைப் பிடிக்கலாம் எண்ட கணக்கே பிழை. இரண்டாம் உலகப் போரில கிரீசை ஜேர்மன்காரன் பிடிச்சு வச்சிருக்க, பிரித்தானியன் கடலை அடைச்சு வச்சிருந்தவன், 1941-42 மாரியில ஏதென்ஸ் றோட்டில சனம் விழுந்து செத்தது. கடைசியில பிரித்தானியன் தடையைத் தளர்த்தினான், 1942ல ஸ்வீடன் கப்பல்ல கனடாக் கோதுமை போனது, பங்கிட்டதை ஸ்வீடன், சுவிஸ் ஆக்கள் நிண்டு பாத்தினம். ஹிட்லரோட சண்டை பிடிச்சுக்கொண்டே செய்தவை. கிட்டடியில சூடான் அரசாங்கம் 2024 ஓகஸ்டில சாட் எல்லையில அட்ரே வழியைத் திறந்தது, அந்த எல்லைக்கு இஞ்சால இடம் எதிரியின்ர கையில எண்டு தெரிஞ்சுகொண்டே. காலம் பிந்தித்தான் திறந்தது, அந்த நாட்டு அகதியள் இருக்கிற சாம்சாம் முகாமில பஞ்சம் எண்டு உலகம் சொன்னாப் பிறகு, எண்டாலும் திறக்கேலும் எண்டு தெரியுது.

சட்டத்துக்கு வருவம். ஜெனீவா ஒப்பந்தங்களில இலங்கை 1959லயே சேந்தது. 2006ல அதுக்கெண்டு 4ஆம் இலக்கச் சட்டமும் வந்தது, ஆனா அது தண்டிக்கிற கடும் மீறல் எல்லாம் நாட்டுக்கு நாடு நடக்கிற சண்டைக்குரியது, எங்கட நாட்டில நடந்ததோ நாட்டுக்குள்ள நடந்த சண்டை. குடை ஒண்டு வாங்கி வீட்டில வச்சிட்டு மழைக்க போற கதைதான். உள்நாட்டுச் சண்டைக்கெண்டு எழுதினது 1977 இரண்டாம் மேலதிக நெறிமுறை, அதின்ர 14ஆம் பிரிவு சனத்தைப் பட்டினி போட்டுச் சண்டை பிடிக்கக் கூடாது எண்டுது, 18ஆம் பிரிவு நிவாரணத்தைப் பற்றிச் சொல்லுது. இலங்கை இண்டைக்கு வரைக்கும் அதில சேரேல்ல. 2018ல ஐநா பாதுகாப்புச் சபை 2417ஆம் தீர்மானத்தில பட்டினியை ஆயுதமாப் பாவிக்கிறதைக் கண்டிச்சது, அதுக்குப் பிறகாவது சேந்திருக்கலாம்.

ஆகவே கேக்கிறது இதுதான். அந்த நெறிமுறையில கையெழுத்துப் போடுங்கோ. அதோட உள்நாட்டுச் சட்டத்தில எழுதுங்கோ, சண்டை நடக்கிற இடத்துக்கு உணவு, மருந்து, குடிதண்ணி அனுப்பிறதுக்கு அனுமதி குடுக்கிற அதிகாரம் பாதுகாப்பு அமைச்சில இருக்கக் கூடாது, ஒரு சிவில் அதிகாரியிட்ட இருக்கோணும், மறுத்தா இத்தனை நாளுக்குள்ள காரணத்தோட எழுத்தில மறுக்கோணும், அந்த மறுப்பைக் கோட்டில கொண்டு போய்க் கேக்கலாம் எண்டு இருக்கோணும். லொறியை அவிட்டுச் சோதிக்கிற உரிமை ஆமிக்கு இருக்கட்டும், நாங்கள் வேண்டாம் எண்டு சொல்லேல்ல, ஆனா அதுக்கும் ஒரு நேரக்கணக்கு வேணும். ஆள் கணக்கு விதானையாரும் (கிராம அலுவலரும்) பிரதேச செயலகமும் எண்ணினதுதான் கணக்கு, கொழும்பில இருந்து ஒருத்தரும் அதைத் திருத்தேலாது. எண்ணி அனுப்பின அதிகாரியை வெருட்டுறது, மாத்துறது, பிடிக்கிறது குற்றம் எண்டும் எழுதுங்கோ, ஏனெண்டா 2009ல உள்ள நிண்டு வைத்தியம் பாத்து நிலைமையைச் சொன்ன டொக்டர்மாரைப் பிடிச்சு வச்சு, பிறகு பத்திரிகைக்காரருக்கு முன்னால இருத்தி அப்பிடி நடக்கேல்ல எண்டு சொல்லப் பண்ணினதை நாங்கள் பாத்தனாங்கள்.

"இப்ப சண்டை இல்லைத்தானே, எதுக்கு இது?" எண்டு ஆரும் கேட்டா, சண்டை நடக்கேக்க இதைக் கேட்டா ஆர் கேப்பீனம் எண்டு திருப்பிக் கேளுங்கோ. இது தமிழாக்களுக்கு மட்டும் இல்லை, 1971லயும் 88, 89லயும் தெற்கில கிளர்ச்சியை அடக்கேக்க என்ன நடந்தது எண்டு உங்கட கட்சிக்கு நான் சொல்லத் தேவையில்லை. சம்பூரில 2024 மேயில கடைசிச் சண்டையில செத்த ஆக்களை நினைச்சு முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சின பெண்களைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போனது, அதுவும் உங்களுக்கு முந்தின ஆக்கள்தான். அந்தக் கஞ்சியில அரிசியும் உப்பும் தண்ணியும்தான் இருக்கு, அதிலயே இவ்வளவு பயப்பிடுற அரச இயந்திரத்திட்ட அடுத்த முறை லொறித் திறப்பை நம்பிக் குடுக்க எனக்கு மனம் இல்லை.

கடைசியா ஒண்டு, இதுக்குச் சட்டமும் தேவையில்லை, ஒரு அலுமாரித் திறப்பு காணும். 2006லயிருந்து 2009 மே வரைக்கும் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரியளிலயிருந்து எங்களுக்கு இவ்வளவு சாமான், இவ்வளவு மருந்து வேணும் எண்டு கேட்டு எழுதின கடிதங்கள் கொழும்பில இருக்கோணும். அனுப்பினது எவ்வளவு எண்ட கணக்கும் இருக்கோணும். மாசம் மாசமா ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு அச்சடிச்சு வெளியிடுங்கோ. 2016ல தகவல் அறியும் சட்டம் கொண்டு வந்த நாடு, அதுவும் செய்யேலும். பதிலைத் தயவு செய்து தமிழில அனுப்புங்கோ, சிங்களத்தில வாற கடிதத்தை வாசிக்க ஆள் தேடித் திரியிறதே எங்களுக்கு ஒரு தனி வேலையாப் போச்சுது.

இப்படிக்கு,
சங்கக்கடை லைனில நிண்ட ஒருத்தன்,
யாழ்ப்பாணம்.